பனிவெளியும் உப்பளமும்

புதுச்சேரி நகரின் வடக்கு எல்லை முடிந்ததும் முடியாததுமாய்க் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்திருப்பது எங்கள் கோட்டக்குப்பம். கடல் இங்கே ஆண்டுதோறும் கரையைத் தின்றுகொண்டே வருகிறது. சிறுவர்கள் பந்து விளையாடிய மணல்வெளி இருந்த இடங்களில் இன்று பாறாங்கற்களைக் குவித்து வைத்திருக்கின்றனர். ஊரிலிருந்து வடக்கு நோக்கிப் பேருந்தேறினால் காலாப்பட்டு, கூனிமேடு, அனுமந்தை எனக் கடலோர ஊர்களைக் கடந்து, ஒரு மணி நேரத்துக்குள் மரக்காணம் சேரலாம். அவ்வூர் நெருங்கும்போது சாலையோரமெங்கும் பாத்தி பாத்தியாய் உப்பளங்கள் விரிந்து கிடக்கும். கால் நூற்றாண்டாக நாங்கள் சென்னைக்குப் போவதும் வருவதும் அவ்வழியே. சன்னலோரத்து இருக்கை கிடைத்தால் அந்த வெண்மையை ஒரு கணம் பார்ப்போம்; கண் கூசும்; திரையை இழுத்து விட்டுக்கொள்வோம். அவ்வளவே எங்களுக்கும் உப்பளத்துக்கும் இருந்த உறவு.

அந்த உறவு மாறியதற்கு, பத்தாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஒரு மலைநாட்டில் நாங்கள் ஹெலிகாப்டர் ஏறியதே காரணம் என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல வந்தோம்.

எங்கள் மகள் நியூசிலாந்தின் தெற்குத் தீவில், அதன் தென்கோடியை ஒட்டிய இன்வர்கார்கில் நகரில் செவிலியராகப் பணியாற்றி வருகிறாள். கிறிஸ்து பிறப்பு விழாவை அவளோடு கொண்டாட நாங்கள் இருவரும் சென்றிருந்தோம். நமக்கு மார்கழிக் குளிர் வாட்டும் அந்நாட்கள் அங்கே கோடைக்காலம்; இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் மறைவதில்லை. விழா முடிந்த மறுவாரம் மகள் சொன்னாள்: “அப்பா, உங்கள் இருவரையும் ஓரிடத்துக்கு அழைத்துப் போகப் போகிறேன். சாலையில் போனால் அதன் வாசலைத்தான் பார்க்கலாம். உள்ளே பார்க்க வேண்டுமானால் நான்கு நாள் நடக்க வேண்டும், இல்லையேல் பறக்க வேண்டும். அம்மாவின் முழங்காலுக்கு நடை ஆகாது, ஆகவே பறக்கிறோம்.” கட்டணம் எவ்வளவு என்று கேட்டோம். அவள் சொல்லவில்லை. பல இரவுப் பணிகளின் ஊதியம் அது என்பதை மட்டும் பின்னர் அறிந்தோம்.

அவள் சொன்ன இடத்துக்கு ஃபியோர்டுலாந்து என்று பெயர். தெற்குத் தீவின் தென்மேற்கு மூலை முழுவதும் மலையும் காடும் கடற்கால்களுமாய்ப் பரந்து கிடக்கும் தேசியப் பூங்கா அது. 1952-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. பரப்பு 12,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். நம் பழைய தென்னார்க்காடு மாவட்டம் முழுவதையும் அதனுள் அடக்கிவிடலாம். ஆனால் அத்தனை பெரிய நிலத்தில் ஊர் என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை.

ஃபியோர்டு என்பது யாது? முன்னொரு காலத்தில் உறைபனி ஆறுகள் அம்மலைகளினூடே மெல்ல நகர்ந்து, பாறையைத் தேய்த்துத் தேய்த்து ஆழமான பள்ளத்தாக்குகளைக் குடைந்தன. பனிக்காலம் முடிந்து உலகெங்கும் பனி உருகியபோது கடல்மட்டம் உயர்ந்து, அப்பள்ளத்தாக்குகளில் கடல்நீர் புகுந்தது. இருபுறமும் செங்குத்தான மலைச்சுவர். நடுவே குறுகி நீண்ட கடல். அவற்றுள் புகழ்பெற்றது மில்ஃபோர்டு சவுண்டு. நீளம் ஏறத்தாழ 15 கிலோமீட்டர். மிக ஆழமான இடத்தில் ஆழம் ஏறத்தாழ 290 மீட்டர். மாவோரி மக்கள் அதனைப் பியோபியோதாகி என்று அழைக்கின்றனர். தன் துணையை இழந்து தனித்து நின்ற ஒரு பியோபியோப் பறவையின் நினைவைத் தாங்கிய பெயர் அது. அந்தப் பறவையினம் பின்னர் முற்றாக அழிந்துவிட்டது. பெயர் மட்டும் நீரின் மேல் நிற்கிறது.

1770-ஆம் ஆண்டில் கேப்டன் குக் அக்கரையோரமாகக் கப்பலோட்டிச் சென்றபோது, மில்ஃபோர்டின் வாசலைக் காணாமலேயே கடந்து போனார். அதற்குத் தெற்கே இன்னொரு கடற்காலைக் கண்டவர், உள்ளே நுழைந்தால் வெளியே வரக் காற்று வாய்க்குமோ என்று ஐயுற்று, அதற்கு ‘ஐயத் துறை’ என்னும் பொருள்பட டவுட்ஃபுல் துறை என்று பெயரிட்டு விலகினார். கடலில் பிழைப்போர்க்கு அந்த ஐயம் விளங்கும். எங்கள் குப்பத்து மீனவப் பெரியவர்களும், வானம் ஒரு மாதிரியாக இருந்தால் வலையைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிடுவார்கள்.

நாங்கள் ஏறவிருந்த ஊர் தே ஆனாவு. தெற்குத் தீவின் மிகப் பெரிய ஏரியின் கரையில் அமைந்த சிற்றூர். முதல் நாள் சென்றோம். மலையில் மேகம், இன்று பறக்க இயலாது என்றார்கள். இரண்டாம் நாளும் அதே விடை. மகளின் விடுப்போ மறுநாளோடு முடிகிறது. அவள் முகம் வாடியது. ஆனால் எங்களுக்கு அந்த மறுப்பு ஆறுதலாகவே இருந்தது. காரணம், நம் நாட்டுக் கேதார்நாத் மலை. 3,500 மீட்டருக்கும் உயரத்தில் உள்ள அத்திருத்தலத்துக்கு நடக்க இயலாதோர் ஹெலிகாப்டரில் செல்கின்றனர். 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 18 அன்று, மேகம் சூழ்ந்த வேளையில் அங்கே ஒரு ஹெலிகாப்டர் மலையில் மோதி ஏழு பேரும் மாண்டனர். அவர்களுள் மூவர் நம் தமிழ்நாட்டவர். 2025-ஆம் ஆண்டு ஜூன் 15 அன்று மற்றொன்று வீழ்ந்து, ஒரு குழந்தை உட்பட மீண்டும் எழுவர் உயிரிழந்தனர். உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைகிறது. சுழலும் இறக்கைகள் பற்றிக்கொள்ளக் காற்றுப் போதாமற் போகிறது. அதோடு மேகமும் சேர்ந்தால், எத்துணைத் தேர்ந்த விமானிக்கும் மலை எங்கே, வழி எங்கே என்று தெரியாது. “இன்று வேண்டாம்” என்று சொல்லத் தெரிந்த விமானியே நல்ல விமானி.

மூன்றாம் நாள் காலை வானம் தெளிந்தது. எங்களை ஒவ்வொருவராக எடை மேடையில் நிறுத்தினார்கள். யார் முன்னே, யார் பின்னே என்பதை எடையே முடிவு செய்தது. வயதுக்கும் மதிப்புக்கும் அங்கே இடமில்லை. இடுப்பில் உயிர்காப்பு உடைப் பை ஒன்றைக் கட்டிவிட்டு, காதுக்கு ஒலிவாங்கியோடு கூடிய மூடி ஒன்றையும் தந்தார்கள். பேரிரைச்சல் எழுந்தது. தரையை விட்டு எழும்பியது எங்களுக்குத் தெரியவே இல்லை. கீழே புல்வெளி சாய்ந்தபோதுதான் எழும்பிவிட்டோம் என்று உணர்ந்தோம். இல்லத்தரசியார் கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தார். மகள் அவர் கையைப் பற்றியிருந்தாள்.

விமானி நடுவயதினர். மலைகளைக் காட்டியவாறே அத்தொழில் அங்கே வளர்ந்த வரலாற்றையும் சொன்னார். ஐரோப்பியர் வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்ட செம்மான்கள் அம்மலைகளில் பல்கிப் பெருகிக் காட்டின் தளிர்களையெல்லாம் தின்று தீர்த்தனவாம். 1960-களில் அம்மான்களைச் சுட்டு, ஹெலிகாப்டரில் கட்டித் தூக்கி வந்து இறைச்சிக்கு விற்றனர். பின்னர் வலை வீசி உயிரோடு பிடித்துப் பண்ணைகளுக்கு விற்றனர். குறுகிய பள்ளத்தாக்குகளில் தாழப் பறந்து அத்தொழில் செய்த விமானிகளுள் உயிரிழந்தோர் பலர். இன்று விருந்தினரை இன்பமாகச் சுற்றிக் காட்டும் அந்தத் திறமை, ஆபத்தான பிழைப்பில் கற்றுக்கொண்ட திறமை என்பது எங்கள் மனத்தில் தைத்தது.

ஏரியின் நீலம் முடிந்தது. அடர்ந்த காட்டுப் பள்ளத்தாக்கு ஒன்றினுள் புகுந்து, மக்கின்னன் கணவாயைத் தாண்டினோம். அதற்கப்பால், மலையுச்சியில் தொங்கவிட்ட கிண்ணம் போல் ஒரு வட்ட ஏரி. அதன் விளிம்பிலிருந்து மூன்று பாய்ச்சலாய் 580 மீட்டர் விழுகிறது சதர்லாந்து அருவி. அருவியை எப்போதும் கீழே நின்று அண்ணாந்து பார்த்தே பழகியவர்கள் நாங்கள். அது பிறக்கும் ஏரியையும் விழும் பாறையையும் ஒரே பார்வையில் கண்டபோது பேச்சு வரவில்லை. அதற்குள் இல்லத்தரசியாரும் கண்களைத் திறந்துவிட்டார்.

பின்னர் மில்ஃபோர்டின் நீர்ப்பரப்பு. கடலிலிருந்து நேராக எழுந்து நிற்கிறது ஏறத்தாழ 1,690 மீட்டர் உயரமுள்ள ஒரு சிகரம். ஆயர்கள் திருவழிபாட்டில் அணியும் முடியைப் போன்ற தோற்றத்தால் அதற்கு மைட்டர் சிகரம் என்று பெயர். “ஆயர் முடி என்றால் ஆயர் எங்கே?” என்றார் இல்லத்தரசியார். “கடலுக்குள் நிற்கிறார் அம்மா” என்றாள் மகள்.

அந்நீரைப் பற்றி விமானி சொன்னதொன்று எங்கள் நெஞ்சில் நிலைத்தது. அங்கே ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பொழிகிறது. நம் கடற்கரையில் பெய்வதைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. மழை பெய்த நாளில் நூற்றுக்கணக்கான அருவிகள் தோன்றும். நின்றுவிட்டால் பெரும்பாலானவை மறையும். அந்த மழைநீர் காட்டு இலைகளின் சாற்றோடு தேநீர் நிறத்தில் கடலில் இறங்கி, உப்புநீரோடு உடனே கலவாமல் அதன் மேல் ஒரு படலமாக மிதக்கிறது. அப்படலம் ஒளியை மறைப்பதால், ஆழ்கடலின் இருளில் வாழும் கரும்பவளம் அங்கே பத்து மீட்டர் ஆழத்திலேயே வளர்கிறது. மழை அங்கே அருவியாகிறது, நிழலாகிறது, கடலடியில் பவளத்துக்கு வீடாகிறது.

திரும்பும் வழியில் மலைமுகட்டின் பனிவெளி ஒன்றில் எங்களை இறக்கினார். இறங்குமுன் மூவருக்கும் கறுப்புக் கண்ணாடி கொடுத்து, “பனியின் ஒளி கண்ணைச் சுட்டுவிடும், கழற்றாதீர்கள்” என்று கண்டிப்பாகச் சொன்னார். இயந்திரம் நின்றது. எங்கள் வாழ்நாளில் கேட்டிராத அமைதி! கண்ணுக்கெட்டிய மட்டும் வெண்மை. அதில் காற்று கீறிய வரிகள், பாத்தி கட்டியது போல்.

“மரக்காணத்து உப்பளம் போலவே இருக்கிறது” என்றார் இல்லத்தரசியார்.

மகள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அம்மா, அந்த உப்பளத்துக்குள் நாம் ஒரு நாளாவது இறங்கியிருக்கிறோமா?” என்று கேட்டாள்.

குற்றஞ்சாட்டிக் கேட்ட கேள்வி அன்று அது. பனியைக் காலால் அளைந்தவாறே இயல்பாகக் கேட்டாள். ஆயினும் எங்களிடம் விடை இருக்கவில்லை. எத்தனையோ மலைகளையும் கடல்களையும் தாண்டி வந்து ஒரு வெண்ணிலத்தில் கால் பதித்திருக்கிறோம். வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள வெண்ணிலத்துக்குத் திரையை இழுத்து விட்டிருக்கிறோம். பத்து நிமிடம் நின்றிருப்போம். மீண்டும் இரைச்சல் எழுந்தது.

தே ஆனாவு ஏரியின் மேற்கே தெரிந்த மலைத்தொடர் ஒன்றைச் சுட்டி, விமானி இறுதியாக ஒரு செய்தி சொன்னார். தாகஹே என்பது பறக்க இயலாத, நீலமும் பச்சையுமான பெரும்பறவை. 1898-ஆம் ஆண்டில் ஒன்று பிடிபட்டதோடு அவ்வினமே அற்றுப்போயிற்று என்று உலகம் நம்பியது. 1948-ஆம் ஆண்டில் ஜெஃப்ரி ஆர்பெல் என்னும் மருத்துவர் அம்மலைகளில் நடந்து திரிந்து, மண்ணில் பதிந்திருந்த காலடித் தடங்களைப் பின்பற்றி, உயிரோடிருந்த தாகஹேக்களைக் கண்டுபிடித்தார். இன்று அவ்விடம் அப்பறவைக்கென்றே காக்கப்படுகிறது. பூங்காவினுள் எங்கே ஹெலிகாப்டர் இறங்கலாம், எங்கே இறங்கலாகாது என்பதற்கும் அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை அனுமதி வழங்க வேண்டும். வானிலிருந்து நாங்கள் ஆயிரம் மலைகளைக் கண்டோம். ஒரு பறவையையும் காணவில்லை. இல்லையென்று எழுதப்பட்ட பறவையைக் கண்டவர் நடந்து போனவர்.

ஊர் திரும்பியதும், அடுத்த வீட்டு பாய் ஆவலோடு எல்லாவற்றையும் கேட்டார். “நம்ம பக்கமும் இப்படி ஒண்ணு விட்டா நல்லா இருக்குமே சார். புதுச்சேரிக்கு வர்றவங்க கடலையும் கழுவெளியையும் மேலேருந்து பார்ப்பாங்க” என்றார். நியாயமான ஆசைதான். ஆனால் 2023-ஆம் ஆண்டு மே மாதம் நீலகிரியில் நடந்ததை அவருக்கு நினைவூட்டினோம். உதகையின் கோடை விழாவையொட்டி ஹெலிகாப்டர் சுற்றுலாவுக்கு ஏற்பாடு நடந்தது. காட்டுயிர்களுக்கு அது ஊறு விளைவிக்கும் என்று வழக்குத் தொடரப்பட, சென்னை உயர்நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. நம் கழுவெளியும் அத்தகைய இடமே. மரக்காணத்துக் கழிமுகத்தின் வழியே கடலோடு சேரும் அந்நீர்நிலை, ஒருபால் மழைநீரும் மறுபால் உவர்நீருமாய், வலசை வரும் ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு இரையளிக்கிறது. 2021-ஆம் ஆண்டில் தமிழக அரசு அதனைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. அங்கே ஒரு ஹெலிகாப்டர் தாழப் பறந்தால், நாம் பார்க்க வந்த பறவைகள் நாம் வந்த ஓசையிலேயே எழுந்து போய்விடும். பாய் சிரித்து, “அப்போ நடந்தே போய்ப் பாருங்க சார்” என்றார்.

அவ்வாறே செய்தோம். பங்குனி மாதத்து விடியற்காலையில் முதல் பேருந்தில் ஏறி, மரக்காணத்தில் முதன்முறையாக உப்பளத்துக்காகவே இறங்கினோம். சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பர் அறிஞர். பழைய துறைமுகத்தின் பெருமையெல்லாம் மறைந்த பின்னும் உப்பு மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை.

நாங்கள் சேர்ந்தபோது மணி ஆறு. ஆனால் வேலையோ பாதி முடிந்திருந்தது. வெயிலுக்கு அஞ்சி, இருள் பிரியுமுன்பே பாத்தியில் இறங்கிவிடுகிறார்கள். உவர்நீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்கு மாற்றி மாற்றி வெயிலில் காய்ச்சுகிறார்கள். நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடி, கடைசிப் பாத்தியில் உப்பு பூத்து நிற்கிறது. அதை நீண்ட கோலில் பொருத்திய பலகையால் வாரி, கரைசேர்த்து, சட்டியில் அள்ளித் தலையில் சுமந்து அம்பாரமாகக் கொட்டுகிறார்கள். வாருவோரும் சுமப்போரும் பெரும்பாலும் பெண்கள். இடைவிடாது உப்புநீரில் நின்று கால்தோல் வெடித்திருந்தது.

கதிரவன் மேலேறியதும் அந்த வெளி முழுவதும் ஒரே ஒளிப்பிழம்பாயிற்று. நாங்கள் இருவரும் கையால் கண்ணை மறைத்துக்கொண்டோம். எங்களருகே வரப்பில் இளைப்பாற அமர்ந்த ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர், “புதுசா பார்க்கிறவங்களுக்குக் கூசும் ஐயா. எங்களுக்குக் கூச்சம் போச்சு, பார்வையும் கொஞ்சம் போச்சு” என்றார், வருத்தமின்றி. எங்கே இருந்து வருகிறோம் என்று கேட்டார். கோட்டக்குப்பம் என்றோம். பனிமலைக்குப் போய் வந்ததையும் இல்லத்தரசியார் சொன்னார். அங்கே கண்ணாடி மாட்டிவிட்ட செய்தியையும் சேர்த்துச் சொன்னார்.

அந்த அம்மையார் கேட்டார்: “அந்தப் பனியில யாராவது வேலை செய்யறாங்களாம்மா?”

“இல்லை. பார்க்கத்தான் போகிறார்கள்.”

“எவ்வளவு நேரம் இருந்தீங்க?”

“பத்து நிமிஷம் இருப்போம்.”

அவர் தலையை அசைத்துக்கொண்டார். பிறகு மழையைப் பற்றிப் பேச்சு வந்தது. ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் பாத்தியெல்லாம் ஒரே நீர். தை பிறக்கும் வரை பிழைப்பில்லை. 2022-ஆம் ஆண்டு முதல் அம்மழைமாதங்களுக்கென உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அரசு 5,000 ரூபாய் வழங்குவதைச் சொன்னார். “அரிசிக்கு ஆகும், மத்ததுக்குக் கடன்தான்” என்றார். பியோபியோதாகியில் அருவியாய் விழுந்த மழை எங்கள் கண்முன் வந்தது. மழை வேண்டாமென்று அவரும் சொல்லவில்லை. “பெய்யணும் ஐயா. ஊர் குடிக்கணுமில்ல” என்றார்.

மறுவாரம் மீண்டும் சென்றோம். மகள் எங்களுக்கு வாங்கித் தந்திருந்த கறுப்புக் கண்ணாடிகள் இரண்டையும் எடுத்துச் சென்று அவரிடம் கொடுத்தோம். உள்ளூர ஒரு நற்செயல் புரிந்துவிட்ட நிறைவு எங்களுக்கு. அவர் ஒன்றை அணிந்து பாத்தியைப் பார்த்தார். உடனே கழற்றிவிட்டுச் சிரித்தார். “இதைப் போட்டா உப்போட பதம் தெரியலியே அம்மா! வெளுப்பு பார்த்துத்தானே வாரணும்? வாரும்போது வேணாம். சுமக்கும்போது போட்டுக்கறேன்” என்று முந்தானையில் முடிந்துகொண்டார். மற்றதைத் தம்மோடு சுமக்கும் பெண்ணிடம் கொடுத்தார்.

உப்பின் வெண்மையில் பதம் என்று ஒன்று உண்டென்பதை அன்றுதான் அறிந்தோம். நாள்தோறும் உணவில் இட்டுக்கொள்ளும் உப்பு, ஒருவர் தம் கண்ணைச் செலவிட்டுப் பார்த்துப் பார்த்து வாரியது என்பதும் அன்றுதான் தெரிந்தது.

மகளுக்கு இதையெல்லாம் எழுதினோம். அவள் தந்த வானப் பயணத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். அந்த அருவியும் அந்த அமைதியும் எங்கள் கண்ணை விட்டு அகலா. மேலே கொண்டுபோய்க் காட்டினாளே, அதனால்தான் கீழே எதைப் பார்க்கவில்லை என்பதும் தெரிந்தது. அடுத்த விடுப்பில் வரும்போது அவளையும் முதல் பேருந்தில் மரக்காணத்துக்கு அழைத்துச் செல்வதாக இருக்கிறோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பயணம் செய்யும் குடும்பத்தார் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், ஒரு விடியற்காலையில் அவ்விடத்தில் இறங்கிப் பார்க்குமாறு வேண்டுகிறோம். முடியாதோர், பேருந்தின் திரையையேனும் இழுத்து விடாதிருப்பார்களாக.